மகனின் கல்லூரிக் கட்டணமும் அலுவலகம் திருப்பித் தந்த ரசீதுகளும்

கேள்வி: ஐயா, ஈரோடு மாவட்டத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 14,40,000 ரூபாய். சொந்த வீடு, வீட்டுக் கடன் இல்லை. பி.எப். 86,400, எல்.ஐ.சி. 32,000, குடும்ப மருத்துவக் காப்பீடு 18,000 கட்டுகிறேன். மகன் கோவையில் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 2025-26 இல் அவனுடைய கல்லூரிக்கு மட்டும் 2,05,000 ரூபாய் கட்டினேன். மகள் பிளஸ் டூ. பள்ளிக் கட்டணம் 42,000, நீட் பயிற்சி மையத்துக்கு 1,20,000. மகன் பெயரில் வங்கியில் கல்விக் கடன் இருக்கிறது. நான் இணைக் கடன்தாரர். படிப்பு முடியும் வரை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி ஏறிவிடுமே என்று மாதம் 4,000 ரூபாய் கட்டி வருகிறேன்.

இவற்றின் ரசீதுகளை அலுவலகத்தில் கொடுத்தபோது, "உங்களுக்கு இது எதுவும் செல்லாது" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். 88,140 ரூபாய் வரியும் பிடித்துவிட்டார்கள். ரிட்டர்னில் நானே கழித்துக்கொள்ளலாமா? மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, ஆண்டுக்கு 3,60,000 வாங்குகிறார். கட்டணத்தை அவர் பெயரில் காட்டலாமா? எங்கள் ஊரில் ரிட்டர்ன் போட்டுத் தரும் ஒருவர், "ரசீதே வேண்டாம், 55,000 ரூபாய் திரும்ப வாங்கித் தருகிறேன், அதில் பத்து சதவிகிதம் எனக்கு" என்கிறார். என் பான் எண்ணையும் பாஸ்வேர்டையும் வாங்கிச் சென்றிருக்கிறார். அவரை நம்பலாமா?

பதில்: இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வருமான வரித் தளத்துக்குள் போய் முதலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மாற்றிவிட்டீர்களா? சரி. உங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவின் மேல் உங்களுக்கு வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர்கள் செய்தது சரிதான். சொன்ன விதம்தான் சரியில்லை. "செல்லாது" என்பதோடு நிறுத்தாமல், "நீங்கள் புதிய வரி முறையில் இருக்கிறீர்கள், அதில் இந்தக் கழிவுகள் கிடையாது" என்று இன்னொரு வாக்கியம் சேர்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

கல்லூரிக் கட்டணத்துக்குக் கழிவு, அதாவது வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை, தருவது வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு. கல்விக் கடன் வட்டிக்குத் தருவது 80இ பிரிவு. இரண்டுமே பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. 2023-24 ஆம் நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பான முறை. பழையது வேண்டும் என்று நாமாகக் கேட்காவிட்டால் புதியதில்தான் கணக்குப் போடுவார்கள். நீங்கள் கேட்கவில்லை, அதனால் அதில் போட்டார்கள். ஆனாலும் கதவு மூடிவிடவில்லை. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், அலுவலகம் எந்த முறையில் வரி பிடித்திருந்தாலும், ரிட்டர்ன் போடும்போது பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். கெடுத் தேதிக்குள், அதாவது ஜூலை 31க்குள், போட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தேதி கடந்து போட்டால் புதிய முறை ஒன்றுதான்.

ஆக, "கழித்துக்கொள்ளலாமா?" என்றால், கழித்துக்கொள்ளலாம். கழித்தால் லாபமா என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மகனின் கல்லூரி ரசீதை நீங்கள் இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. 2,05,000 ரூபாயை அது இப்படிப் பிரித்திருக்கிறது: கல்விக் கட்டணம் 95,000, விடுதியும் உணவும் 78,000, மேம்பாட்டுக் கட்டணம் 20,000, தேர்வுக் கட்டணம் 6,000, இதர வகை 6,000. இதில் சட்டம் ஏற்பது முதல் வரியை மட்டும்தான். விடுதி, சாப்பாடு, பஸ், சீருடை, புத்தகம் எதுவும் கல்விக் கட்டணம் ஆகாது. மேம்பாட்டுக் கட்டணம், நன்கொடை, அதுபோன்ற எந்தத் தொகையும் கூடாது என்று சட்டமே பெயர் சொல்லி விலக்குகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தவர்கள் என்னிடம் வந்து, "சார், ரசீதில் இருப்பதைவிட அதிகம் கொடுத்தேன், அதையும் போட முடியுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பது உண்டு. ரசீது கொடுக்காமல் வாங்கியவருக்கே அது வருமானமாகத் தெரிவதில்லை; உங்களுக்கு மட்டும் செலவாக எப்படித் தெரியும்?

கல்லூரிகள் சில, எல்லாவற்றையும் ஒரே வரியில் "ஆண்டுக் கட்டணம்" என்று அடித்துக் கொடுத்துவிடும். அப்படி வாங்கியவர்கள் கல்லூரி அலுவலகத்துக்கு நடந்து, வகை பிரித்த சான்று ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை, 7.5 சதவிகித ஒதுக்கீடு போன்றவற்றில் அரசு ஏற்றுக்கொள்ளும் கட்டணத்தை நாம் காட்டக் கூடாது. நம் கையிலிருந்து போனதற்குத்தான் கழிவு.

மகளின் பள்ளிக் கட்டணத்தில் கல்விக் கட்டணமாக இருக்கும் பகுதி சேரும். ஒரு பேச்சுக்கு 42,000 முழுவதையுமே எடுத்துக்கொள்வோம். நீட் பயிற்சி மையத்துக்குக் கொடுத்த 1,20,000 சேராது. இந்தியாவில் உள்ள பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் அல்லது வேறு கல்வி நிறுவனத்தில் முழுநேரமாகப் படிக்கும் படிப்புக்குத்தான் 80சி. மாலை நேரப் பயிற்சிக்கு இல்லை. பள்ளிக்குக் கட்டியதைப் போல மூன்று மடங்கு பயிற்சி மையத்துக்குப் போகிறது, சட்டத்தின் கண்ணுக்குப் படுவதோ பள்ளிக் கட்டணம் மட்டும். நான் மாற்றக்கூடிய விஷயமில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆக 95,000 உடன் 42,000 சேர்த்து 1,37,000 ரூபாய் தகுதி பெறுகிறது. இதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். 80சி, நெல் அளக்கும் ஒரு சின்னப் படி மாதிரி; பி.எப்., எல்.ஐ.சி., கட்டணம் எல்லாம் அந்த ஒன்றுக்குள்தான் அடங்க வேண்டும். 2014-15 இல் 1,50,000 ஆக உயர்த்தியதோடு சரி. அதற்குப் பிறகு அதன் விளிம்பு ஒரு நூல்கூட உயரவில்லை. அந்தப் படியில் உங்கள் பி.எப். 86,400 முதலிலேயே விழுந்துவிட்டது. எல்.ஐ.சி. 32,000 அடுத்து. மிச்சம் இருக்கும் இடம் 31,600. கட்டணத்தில் அவ்வளவுதான் உள்ளே போகும். மற்றது படியின் தலைக்கு மேல் கொட்டும் நெல்.

கல்விக் கடன் வட்டிக்கு வருவோம். 80இ பிரிவு கொஞ்சம் தாராளமானது. 2005 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்கு முன்பு அசலும் வட்டியும் சேர்த்து 40,000 ரூபாய் வரைதான் என்று இருந்தது. இப்போது அசலுக்குக் கழிவு இல்லை. ஆனால் வட்டிக்கு உச்சவரம்பே இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கும் உண்டு. உங்களுக்காக, மனைவிக்காக, பிள்ளைகளுக்காக, நீங்கள் சட்டப்படி காப்பாளராக இருக்கும் மாணவருக்காக வாங்கிய கடனாக இருக்கலாம். கடன் கொடுத்தது வங்கியாகவோ, அறிவிக்கப்பட்ட நிதி நிறுவனமாகவோ, ஒப்புதல் பெற்ற அறநிறுவனமாகவோ இருக்க வேண்டும். மாமனாரிடம் கைமாற்றாக வாங்கியதற்கும் நிறுவனம் கொடுத்த முன்பணத்துக்கும் இல்லை.

நீங்கள் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டு, உங்கள் கணக்கிலிருந்தே வட்டியைக் கட்டுவதால், பழைய முறையில் 48,000 ரூபாயையும் நீங்கள் கோரலாம். வெறும் ஜாமீன்தாரராக மட்டும் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். பழைய முறையில் 14,40,000 இலிருந்து நிலைக் கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் ரசீது இல்லாமலே கிடைப்பது) 50,000, 80சி 1,50,000, மருத்துவக் காப்பீடு 18,000, கடன் வட்டி 48,000 போனால் மிஞ்சுவது 11,74,000. அதற்கு வரி 1,64,700. வரியின் மேல் போடும் நான்கு சதவிகித செஸ் சேர்ந்து 1,71,288 ரூபாய். புதிய முறையில் நிலைக் கழிவு 75,000 மட்டும். மிஞ்சும் 13,65,000 ரூபாய்க்கு வரி 84,750, செஸ் சேர்ந்து 88,140.

மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கள். ரசீதுகள் அத்தனையும் சேர்த்துப் பழைய முறையில் போட்டால், இப்போது பிடித்ததற்கு மேல் 83,148 ரூபாய் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். உங்கள் சம்பளத்தில் பழைய முறை புதியதோடு சமமாக வர வேண்டுமானால், நிலைக் கழிவு போக 5,28,750 ரூபாய்க்குக் கழிவுகள் வேண்டும். உங்களிடம் இருப்பது 2,16,000. நீட் பயிற்சிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சட்டம் நாளைக்கே ஏற்றுக்கொண்டாலும், படி ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் இந்தக் கணக்கு ஒரு ரூபாய்கூட மாறாது.

அப்படியானால் கட்டணக் கழிவு யாருக்குத்தான் பயன்படுகிறது? வீட்டுக் கடனும் பெரிய கல்விக் கடனும் ஒரே நேரத்தில் ஓடும் வீடுகளுக்கு. உங்கள் அளவே சம்பளம் வாங்கும் ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு 2,00,000 வட்டி கட்டுகிறார், மகளை வெளிநாட்டில் படிக்க வைக்க வாங்கிய 30 லட்சத்துக்கு 11 சதவிகிதத்தில் 3,30,000 வட்டி கட்டுகிறார், 80சி படியும் நிறைந்துவிட்டது என்று வையுங்கள். 6,80,000 கழிவு. பழைய முறையில் அவருக்கு வரி 56,680 தான். அவர் புதிய முறையில் கிடந்தால் 31,460 ரூபாயைத் தெரியாமலே விட்டுவிடுகிறார். அவருடைய அலுவலகமும் ரசீதைத் திருப்பிக் கொடுத்திருக்கக்கூடும். அவர் மட்டும் அவசியம் சண்டைக்குப் போக வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு குறிப்பு: ரிட்டர்ன் படிவம் கடனைப் பற்றித் துருவிக் கேட்கும். வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, மொத்தத் தொகை, மார்ச் 31 அன்றைய நிலுவை என எல்லாம் வேண்டும். வங்கியிடம் வட்டிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி பெயரில் காட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 3,60,000 ரூபாய்க்குப் புதிய முறையில் வரியே இல்லை. 4,00,000 வரை ஒன்றும் கிடையாது. பழைய முறையில் போட்டாலும் தள்ளுபடி போக ஒன்றும் வராது. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? கணவன் மனைவி இருவரும் பழைய முறையில் வரி கட்டுகிறவர்களாக இருந்தால் பிரித்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. 80சி வரம்பு தனித்தனி. இரண்டு பிள்ளைகள் என்ற வரம்பும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கட்டியவர் காட்ட வேண்டும், ஒரே ரசீதை இருவரும் காட்டக் கூடாது.

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். என்னிடம் வரும் இளைஞர்களில் பலர் கேட்பது: "தங்கைக்கு நான்தான் சார் காலேஜ் கட்டுகிறேன், போட்டுக்கொள்ளலாமா?" முடியாது. 80சி, சொந்தப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும். தம்பிக்கும் இல்லை, தங்கைக்கும் இல்லை, அக்கா மகனுக்கும் இல்லை, பேரப் பிள்ளைக்குக் கட்டும் தாத்தாவுக்கும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே தனக்காகக் கட்டும் எம்.பி.ஏ. கட்டணத்துக்கும் இல்லை. உடன்பிறந்தவருக்காக வாங்கிய கடனுக்கு 80இ பிரிவும் கை விரித்துவிடும். அப்பா இறந்த வீட்டில் அண்ணன் சம்பளத்தில் தங்கை படிப்பது நம் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டில் நடப்பது. சட்டம் எழுதியவர்களுக்கு அந்த அண்ணனைத் தெரியாது. நிறுவனம் சம்பளத்தில் கல்விப் படி என்று ஒன்றைத் தனியாகத் தந்தால் பழைய முறையில் அதற்கும் விலக்கு உண்டு. 2025-26 கணக்கில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 100 ரூபாய், விடுதிக்கு மாதம் 300 ரூபாய். அச்சுப் பிழை இல்லை, நூறுதான்.

உங்கள் கடனுக்குத் திரும்புகிறேன். 80இ பிரிவில் ஓர் எட்டு ஆண்டுக் கடிகாரம் இருக்கிறது. நீங்கள் முதன்முதலில் வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து மொத்தம் எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டுதான் மதிப்பீட்டு ஆண்டு) மட்டுமே கழிவு. நீங்கள் இப்போது மாதாமாதம் கட்டுவதால் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது; புதிய முறையில் இருப்பதால் கழிவு கிடைக்காமலே ஓடுகிறது. "அப்படியானால் கட்டுவதை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். இல்லாத கழிவுக்காக இருக்கும் வட்டியை வளரவிடுவது கணக்கு இல்லை. படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டி வருபவர்களுக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவிகிதம் வரை குறைக்கும் வழக்கம் பல வங்கிகளில் இருக்கிறது. உங்கள் கிளையில் அது கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு உண்மையில் பணம் மிச்சமாகக்கூடிய இடம் அதுதான்.

மகன் வேலைக்குப் போனதும் தவணையை அவனுடைய கணக்கிலிருந்தே போகச் செய்யுங்கள். கடனில் முதல் பெயர் அவனுடையது. அவன் கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து அவனுடைய எட்டு ஆண்டுகளை எண்ணிக்கொள்ளலாம். ஆனால் சம்பளக்காரருக்குப் புதிய முறையில் 12,75,000 வரை வரியே இல்லாத நிலையில், முதல் சில ஆண்டுகளில் அவனுக்கும் அது தேவைப்படுமா என்பது சந்தேகம்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அவன் காலத்தில் இந்தப் பிரிவுகளுக்கு எண்களும் வேறாக இருக்கும். நீங்கள் இப்போது போடும் 2025-26 கணக்குக்கு 1961 ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

இனி அந்த 55,000 ரூபாய் மனிதர். மேலே போட்ட கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். பழைய முறையில் உங்களுக்கு 55,000 திரும்ப வர வேண்டுமானால், ஏறக்குறைய எட்டு லட்சம் ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். உங்களிடம் இருப்பது 2,16,000. மீதி ஐந்தே முக்கால் லட்சத்தை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? இல்லாத கல்விக் கடன், இல்லாத வீட்டு வாடகை, பெயர் கேள்விப்படாத கட்சிக்கு நன்கொடை. "ரசீதே வேண்டாம்" என்று அவர் சொன்னது அதனால்தான்.

2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுவதும் பொய்க் கழிவுகளைச் சரிபார்க்க இறங்கியது. தமிழ்நாட்டிலும் சோதனை நடந்தது. ரிட்டர்ன் போட்டுத் தரும் இடைத்தரகர்களைத்தான் முதலில் குறிவைத்தார்கள். அப்போது துறை பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிரிவுகளில் 80இ பிரிவும் ஒன்று. பொய்யான கழிவு பிடிபட்டால், தவிர்த்த வரியையும் வட்டியையும் கட்ட வேண்டும். தவறான தகவல் தந்ததற்கு வரியில் 200 சதவிகிதம் அபராதமும் உண்டு. அந்த 55,000 ரூபாய்க்கு மட்டும் பார்த்தாலே அபராதம் 1,10,000. நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். அவருடைய பத்து சதவிகிதம் அதற்குள் செலவாகியிருக்கும்.

பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது இதற்காகத்தான். உள்ளே போனவுடன் மூன்றைப் பாருங்கள். தொடர்பு விவரத்தில் உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் இருக்கின்றனவா, அவருடையதா? பணம் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்காக உங்களுடையதுதான் இருக்கிறதா? 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்கு ஏற்கெனவே ரிட்டர்ன் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஜூலை 31க்குள் புதிய முறையில், உள்ளது உள்ளபடி, திருத்திய ரிட்டர்ன் போட்டுவிடுங்கள். பணம் வந்து சேர்ந்த பிறகு திருத்துவதைவிட இப்போது திருத்துவது எளிது. போடவில்லை என்றால், அலுவலகம் தரும் படிவம் 16 இல் உள்ள வரிப் பிடித்தமும், வரித் தளத்தில் உங்கள் பெயரில் பதிவானதைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு நீங்களே போடலாம். சம்பளமும் கொஞ்சம் சேமிப்பு வட்டியும் மட்டும் என்றால், இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும் பையன் அரை மணி நேரத்தில் போட்டுத் தருவான். போட்ட 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்க மறக்க வேண்டாம். மறந்தால் போட்டதாகவே ஆகாது. அந்த ஓ.டி.பி.யை யார் போன் செய்து கேட்டாலும், அவர் ஊர்க்காரராகவே இருந்தாலும், சொல்லாதீர்கள்.